யார் நிஜமான இசைக்கலைஞர்? பாட்டு வகுப்பு வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு நடப்பது தெரிந்த செட்டியார் குடும்பத்தின் பழைய வீட்டு முகப்பில். அவர்கள் சென்னைக்குப் போய் நாளாயிற்று. முன்னோர்களைக் கும்பிடுகிற படைப்புக்கும் பொங்கலுக்கும்தான் வருவார்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டில் பிள்ளைகள் சத்தமாவது கேட்கட்டுமே என்று சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

வகுப்பு விட்டு, பிள்ளைகள் செருப்பைத் தேடுகிற ஐந்து நிமிடத்தில் பெற்றோர் ஏதாவது கேட்பார்கள். ஆள் மாறும், கேள்வி மாறாது. சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: யார் நிஜமான இசைக்கலைஞர், அதற்கு என்ன வேண்டும்? அவசரத்தில் சொன்ன பதில்களை உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை மட்டும் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன்.

"நல்லா பாடினா இசைக்கலைஞர்தானே டீச்சர்? அதுக்கு மேல என்ன?"

பாதி சரி. நல்ல குரலில் ஒரு கீர்த்தனையைப் பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள் என் வகுப்பிலேயே பத்துப் பேர் தேறுவார்கள். அவர்களை விட்டுவிட்டு வேறு இரண்டு பேரைத்தான் மனதுக்குள் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். இருவருக்கும் குரல் சுமார்தான். ஆனால் பக்கத்துப் பிள்ளை பாடும்போது இந்த இரண்டும் காதைக் கொடுத்துக் கேட்கும். சுருதி ஒரு நூல் இறங்கினால் போதும், முகம் சுருங்கிவிடும்.

என் கணக்கு ரொம்பச் சின்னது. வாய்க்கும் கைக்கும் முன்னால் எவருக்குக் காது போகிறதோ அவர் இசைக்கலைஞர். மற்ற கேள்விகளுக்கும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

"சுருதி, லயம்னு சொல்றீங்க. புரியுற மாதிரி ஒருதடவை சொல்லிடுங்களேன்."

சுருதிதான் பாட்டு நிற்கிற தரை. தம்புராவில் நான்கு தந்தி: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். அதாவது ப, ஸ, ஸ, கீழ் ஸ. பாட்டு எங்கே சுற்றினாலும் ஸ என்கிற ஸட்ஜத்துக்கு வந்து சேரும்போது தம்புராவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டினால் இரண்டு ஒலி கேட்காது, ஒன்றுதான் கேட்கும். எங்கள் முகப்பில் வழவழவென்ற சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபடுகிறது. பிசகினால் சுவரே காட்டிக்கொடுக்கும்.

தாளம் போடுவது வேறு, லயம் வேறு. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை எண்ணத் தெரிந்தால் தாளம் வந்துவிட்டது. முதல் எட்டுக்கு ஆன நேரம்தான் நாற்பதாவது எட்டுக்கும் ஆகிறதா என்பது லயம். இதைக் காலப்பிரமாணம் என்போம். உத்திரத்தில் கயிறு போட்டுக் கட்டுகிற தொட்டிலான ஏணையை நினைத்துக்கொள்ளுங்கள். அது எத்தனை வேகத்தில் ஆடும் என்பதைப் பெரும்பாலும் கயிற்றின் நீளம்தான் தீர்மானிக்கும். நீளக் கயிறு மெதுவாக ஆடும், குட்டைக் கயிறு விரைவாக ஆடும். நம் பழைய வீடுகளில் உத்திரம் அவ்வளவு உயரம் என்பதால்தான் இந்தப் பக்கத்துத் தாலாட்டு இவ்வளவு நிதானமாகப் போகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிரூபிக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

"இவளுக்குக் குரல் கட்டையா இருக்கே, பாட்டு வருமா?"

வரும். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்கிற அளவு. ஐந்தரைக் கட்டையில் நிறுத்தித் திணறடிக்காமல் நாலரைக் கட்டைக்கு இறக்கிப் பாடச் சொல்லுங்கள், அதே குரல் அழகாக இருக்கும். குரல் என்பது கொடுத்து அனுப்பிய சாமான். அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

"பன்னெண்டு வயசாயிடுச்சு, இனிமே சேத்து பிரயோசனம் உண்டா?"

குன்றக்குடி பக்கத்தில் இருக்கும்வரை இந்தக் கேள்வி போகாது. அந்த ஊரில் 1935-இல் பிறந்த குன்னக்குடி வைத்தியநாதன் பன்னிரண்டு வயதிலேயே பெரிய பாடகரான அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு வயலின் வாசித்தவர். அந்தக் கதை தெரிந்த அப்பாக்கள் எல்லாரும் தங்கள் பிள்ளை லேட் என்று கவலைப்படுகிறார்கள்.

ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். அவர் பிறந்த வீட்டில் அப்பாவே குரு. நடக்கப் பழகுமுன் காது பழகியிருக்கும். உங்கள் வீட்டில் அது இல்லையென்றால் பன்னிரண்டு வயதில் பிள்ளை முதலில் கேட்டுப் பழகட்டும், ஆறு மாதம். அப்புறம் முதல் பாடமான சரளி வரிசை. கைவேகம் இளமையில் வருவதுபோல் பின்னால் வராது, உண்மை. காது எந்த வயதிலும் வளரும். என்னிடம் ஐம்பத்தெட்டு வயதில் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் இன்று மற்றவர்களைவிட நன்றாக ராகம் கண்டுபிடிக்கிறார். பாடினால் சுமார்தான். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

"பரம்பரையில இருக்கணும்னு சொல்றாங்களே?"

காரைக்குடி சகோதரர்களை மனதில் வைத்துத்தான் இதைக் கேட்கிறார்கள். சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் இருவரும் தலைமுறை தலைமுறையாக வீணை வாசித்த குடும்பம். அண்ணன் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், தம்பி வழக்கம்போல் மடியில் கிடத்தி வாசிப்பார். ஒரே வீடு, ஒரே பாடம், இருவர் பிடித்த விதம் வேறு. தம்பி 1952-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்று, கடைசிக் காலத்தில் கலாக்ஷேத்ராவில் கற்பித்தார்.

பரம்பரை கொடுப்பது காதுக்குச் சாப்பாடு. பிறந்த நாள் முதல் நல்ல ஸட்ஜத்தைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்குக் கெட்ட ஸட்ஜம் உடனே உறுத்தும். அது பெரிய லாபம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது ரத்தத்தில் ஓடுவதாக நான் நம்பவில்லை. பெரிய வித்வான் வீட்டில் பிறந்து காதே இல்லாதவர்களையும் பார்த்திருக்கிறேன். பெயர் சொன்னால் ஊரில் நடமாட முடியாது.

"கிரேடு, சர்டிபிகேட் எல்லாம் இருந்தாத்தானே மதிப்பு?"

வேலைக்கு மதிப்பு. சிவகங்கையில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது, மூன்று வருடப் படிப்பு. வசதியில்லாத பிள்ளைகளைத் தயங்காமல் அங்கே அனுப்புவேன். சான்றிதழ் பாடத்தை முடித்ததற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த தேர்வு ஒன்று உண்டு என்றால் வானொலி ஆடிஷன். பாடுகிறவர் யார், எந்த ஊர், யாருடைய சீடர் என்பதெல்லாம் தெரியாமல் ஒலியை மட்டும் கேட்டு மதிப்பிடுகிற முறை. பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று படிகள். பட்டுப்புடவையும் விபூதிப்பட்டையும் அங்கே உதவாது.

"யூடியூப்ல பாத்தே கத்துக்கலாமே?"

பாட்டு கற்றுக்கொள்ளலாம். தப்பு கற்றுக்கொண்டால் யார் சொல்வது? வீடியோவை நீங்கள் கேட்கலாம், வீடியோ உங்களைக் கேட்காது.

"மிருதங்கம் வாசிக்கிறவர் பாட்டுக்காரருக்குத் துணைக்கு வர்றவர்தானே? அவரையும் அதே தட்டுல வைக்கணுமா?"

வைக்க வேண்டும். சில சமயம் ஒரு படி மேலேயும். பாடுகிறவருக்கு அடுத்த வரி எது என்று தெரியும். மிருதங்கக்காரருக்கு அது உத்தேசம்தான், கேட்டுக்கொண்டேதான் வாசித்தாக வேண்டும். காது முன்னால் போகவேண்டும் என்று முதல் பதிலில் சொன்னேனே, அதைப் பிழைப்பாகவே வைத்திருப்பவர்கள் பக்கவாத்தியக்காரர்கள்.

இது புதுக் கருத்தும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி மேடையேறும்முன் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவருக்கும் தகுதி சொல்கிறார் இளங்கோ. தண்ணுமை என்கிற தோல்கருவி வாசிப்பவனுக்கும் அங்கே தனி இடம். எங்கே கூட்டுவது, எங்கே அடக்குவது என்று தெரிந்து அளவு மீறாமல் வாசிக்க வேண்டுமாம். இன்றைக்கும் இதற்கு மேல் ஒரு மிருதங்க வித்வானிடம் என்ன கேட்டுவிட முடியும்?

1945-இல் நம் ஊரில் பிறந்து 2023-இல் மறைந்த காரைக்குடி மணி, மிருதங்கத்தை மேடையின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து தாளத்துக்கென்றே தனிக் கச்சேரிகள் செய்தார். அதை எல்லாரும் சொல்வார்கள். அவர் தொப்பியில் எழுப்பிய கும்காரம் என்கிற கனத்த நாதம் எவ்வளவு சுத்தம் என்பதையும் கேட்டுப் பாருங்கள். தொப்பி என்பது மிருதங்கத்தின் இடது பக்கம். ரவையைப் பிசைந்து ஒட்டினால்தான் அந்தக் கனம் வரும். கச்சேரிக்கு முன் ஒருவர் ரவை கேட்டு அடுப்படிக்கு வந்தால் உப்புமாவுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படி ஆகி, கடுகே தாளித்துவிட்டார்கள்.

"கல்யாணத்துல நாயனத்தை யாரும் கேக்குறதே இல்ல. அவர் கலைஞரா, கூலிக்கு வந்தவரா?"

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

சில வருடம் முன்பு கானாடுகாத்தான் பக்கம் ஒரு கல்யாணம். வீட்டின் உள்முற்றமான வளவில் தூணோரம் நாயனக்காரர்களுக்கு ஜமுக்காளம் போட்டிருந்தார்கள். காலை நேரம், நாயனக்காரர் பிலஹரியை எடுத்து மெதுவாக விரித்துக்கொண்டிருந்தார். கேட்க ஆள் இல்லை. பந்தி நடக்கிறது, மாமன்மார் காப்பி தேடுகிறார்கள், வீடியோக்காரர் வயரை அவர் காலுக்கு நடுவில் இழுக்கிறார். மேல் பஞ்சமத்தை எட்டப் போகிற நேரத்தில் உள்ளேயிருந்து ஒருவர் கையை உயர்த்தி "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார். ராகம் அங்கேயே அறுந்தது. தவில் இடி மாதிரி இறங்கியது. இரண்டு நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, தாலி இன்னும் தட்டிலேயே இருக்கிறது, ஐயர் ஏதோ சைகை காட்டியதை அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று.

மேளம் நின்றது. நாயனக்காரர் வாய் வைத்து ஊதுகிற சீவாளியை ஒருதரம் எடுத்து உதட்டில் ஈரப்படுத்தி மறுபடி பொருத்தினார். பிலஹரியை விட்ட இடத்தில், எட்டாமல் விட்ட அதே பஞ்சமத்தில் தொட்டு, பாதியில் நின்ற பிடியை முடித்தார். அந்த இரைச்சல் முழுக்க அவருக்குள் ராகம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. முந்நூறு பேர் கூடிய வீட்டில் அதைக் கவனித்தது அவருடைய தவில்காரர், நான், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். தவில்காரர் லேசாகத் தலையசைத்தார்.

கூலிக்கு வந்தவர்தான். கலைஞரும்தான். கோயிலில் சாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி, காலைக்கு ஒரு ராகம், ராத்திரிக்கு ஒரு ராகம் என்று நேரமும் இடமும் தெரிந்து வாசிப்பதே ஒரு பெரிய படிப்பு. கேட்க ஆள் இல்லாதபோதும் அதைக் குறைக்காமல் செய்பவரை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

"காசு பேசி வாசிச்சா அது கலையா?"

காசு வாங்காமல் வாசித்தால் சீவாளி யார் வாங்கித் தருவது? பந்திக்கு இலையில் எத்தனை வகை என்று எண்ணி எண்ணிச் செலவு செய்கிற ஊர் நம்முடையது. நாயனக்காரரிடம் வந்து ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவதை மட்டும் நிறுத்தினால் நல்லது.

"குன்னக்குடி சினிமாப் பாட்டெல்லாம் வாசிச்சாரே. அது தரம் குறைஞ்ச வேலைதானே?"

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அரியக்குடி ரசிகர்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் காரைக்குடியிலிருந்து டவுன் பஸ் தூரம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) ஒழுங்கின் பக்கம் நிற்பவர், குன்னக்குடி கூட்டத்தின் பக்கம் நிற்பவர் என்று நாமே ஒரு கோடு போட்டுக்கொண்டோம்.

அரியக்குடி போட்ட கச்சேரி ஒழுங்கு எதற்காக வந்தது என்று பாருங்கள். முதலில் வர்ணம், பிறகு விறுவிறுப்பான கீர்த்தனைகள், நடுவில் கனமான ராகம், பல்லவி, கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள். கேட்கிறவர் எப்போது சூடேறுவார், எப்போது சோர்வார் என்று அறிந்தவர் போட்ட வரிசை அது. திருப்பாவைக்கும் அருணாசலக் கவிராயரின் இராமநாடகப் பாடல்களுக்கும் மெட்டமைத்து மேடையேற்றியதும் அவர்தான். சபையைக் கேட்கிற காது அது.

குன்னக்குடிக்கும் அதே காதுதான், வேறு சபை. காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கிறவர்கள் கூடுகிற ஊரில் பிறந்தவருக்குக் கூட்டத்தின் நாடி தெரியாமல் இருக்குமா? வயலினில் அவர் செய்த சில வித்தைகள் எனக்கு அதிகமாகத்தான் படும். பறவையும் ரயிலும் வயலினில் கேட்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அவர் ஒரு ராகத்தை எடுத்தால் சுருதி அசையாது. அதனால் தரம் என்ற பேச்சை நான் எடுப்பதில்லை, ருசி என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

"தெலுங்குல பாடுனாத்தான் சங்கீதமா? தமிழ்ல பாடுறவங்கதான் நம்ம கலைஞர்னு எங்க தாத்தா சொல்வாரு."

உங்கள் தாத்தா சொன்னதற்குக் காரணம் உண்டு. கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்தான் தமிழிசை இயக்கத்துக்குத் தோள் கொடுத்தார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியதில் அவர் பங்கு பெரியது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு துக்கடாவாக மட்டும் ஒதுங்கிக் கிடந்த காலத்தில் அந்தச் சண்டை தேவையாக இருந்தது.

ஆனால் தமிழில் பாடுவதால் மட்டும் யாரும் கலைஞராகிவிடுவதில்லை. "வேலாயுதனே" என்ற சொல்லில் "வேலா" என்று நிறுத்தி மூச்சு வாங்கி "யுதனே" என்று தொடர்ந்தால் முருகன் எந்தக் கையில் எதைப் பிடிப்பார்? எந்த மொழியானாலும் சொல் எங்கே ஒடியும், எங்கே ஒடியாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பாடுகிறாரா என்று பார்ப்பேன்.

"எங்க ஆச்சி தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் பாடும். அதையெல்லாம் இந்தக் கணக்குல சேக்க முடியாதுல்ல?"

ஏன் முடியாது? எனக்குத் தெரிந்த ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன். ராகத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. மாமன் கொண்டுவிற்கப் போன ரங்கூன், மலாயா, பாட்டனார் கட்டிய வீடு, அத்தை கொண்டுவந்த வெள்ளிச் சாமான் என்று தாலாட்டில் குடும்பக் கணக்கையே ஒப்பிப்பார். எத்தனை நீளப் பெயரானாலும் சீரில் உட்கார்ந்துவிடும்.

பேத்திக்குப் பிள்ளை பிறந்து பெங்களூர் அடுக்குமாடிக்குப் போனார். அங்கே உத்திரம் ஏது? ஸ்பிரிங் தொட்டில். அது மேலும் கீழுமாகக் குதிக்கும், ஏணையைவிட இரண்டு பங்கு வேகம். பேத்தி போனில் எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஆச்சி தன் பழைய நிதானத்தை விடவில்லை. தொட்டில் இரண்டு முறை குதிக்க இவர் ஒரு அசை. கடைசி வரை அப்படியே, நூல் பிசகவில்லை. மேடையில் இதையே செய்தால் கைதட்டுவோம். வரியும் அப்போதே கட்டியதுதான்:

ஏசி அறையினிலே ஏந்திழையாள் தூங்கயிலே
ஏணை கட்ட உத்திரமும் இல்லையின்னு கேட்டியளோ

"பிரமாதம் ஆச்சி, நீங்கதான் வித்வான்" என்று போனில் சொன்னேன். "அடி போடி, எனக்குப் பாட்டெல்லாம் எங்க தெரியும்" என்று வைத்துவிட்டார். இரண்டாவது பதிலில் சொன்ன என் ஏணைச் சந்தேகம் அந்த வீடியோவைப் பார்த்த அன்று வந்ததுதான்.

"கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க நிஜமான இசைக்கலைஞரா டீச்சர்?"

கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பையன். அவன் அம்மா அவனை முறைத்தார். நியாயமான கேள்விதான்.

சில நாள் உண்டு, பல நாள் இல்லை. ஒரு கோயில் திருவிழாவில் பாடினேன். கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் இரண்டாவது கீர்த்தனையிலேயே ஓட ஆரம்பித்துவிட்டேன். காலப்பிரமாணம் பற்றி மேலே அவ்வளவு எழுதிய அதே ஆள்தான். எனக்கு ஓடுவதே தெரியவில்லை, காது மூடிக்கொண்டது. மிருதங்கம் வாசித்தவர் என்னைவிட இளையவர். அவர் நினைத்திருந்தால் என்னோடு ஓடி வந்திருக்கலாம், இல்லை தன் இடத்தில் இறுக்கி நின்று என்னை ஊரறியக் கவிழ்த்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் அனுபல்லவியில் வாசிப்பைக் குறைத்து, தொப்பியில் மட்டும் ஒற்றை ஒற்றையாகத் தட்டினார். அந்த இடைவெளியில்தான் நான் என் குரலையே கேட்டேன். சரணம் வருவதற்குள் பழைய இடத்துக்கு வந்திருந்தோம். கீழே யாருக்கும் தெரியவில்லை.

முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டீயில் சர்க்கரை தூக்கல் என்று மட்டும் சொன்னார்.